காரட் கிளைத்தால் விதையை மட்டும் பழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரட் கிளைவிட்டு விளைவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தரமில்லாத விதை, மக்காத எரு, கெட்டித்தட்டிய அடிமண் என்று மூன்று காரணங்களை நன்றாக விளக்கிய கட்டுரையாளர், மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான நூற்புழுவை மட்டும் மருந்து போடச் சொல்லி ஒரே வரியில் முடித்துவிட்டார். பல வருடங்களாகக் காரட்டும் பீட்ரூட்டும் போடுகிறவன் நான். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் நிலத்தில் மேல்பாதி மணற்பாங்கு, கீழ்ப்பாதி களி. ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு. மேலே பிடுங்கிய காரட் பாதியிலேயே இரண்டாக, மூன்றாகப் பிரிந்திருந்தது. பக்க வேர்களில் கடுகளவு முடிச்சுகள், பாசிமணி கோத்தாற்போல. ஒரு முடிச்சைக் கத்தி முனையால் பிளந்து பார்த்தேன். குண்டூசித் தலையைவிடச் சிறிதாக, முத்து மாதிரி வெள்ளையாக ஓர் உருண்டை. அதுதான் பெண் நூற்புழு; வேரில் இப்படி முடிச்சு போடும் வகையை வேர்முடிச்சுப் புழு என்பார்கள். கீழ்ப்பாதியில் அப்படி அங்கொன்றும் இங்கொன்றும்தான். கல்லோ கெட்டி மண்ணோ தடுத்து வேர் கிளைத்திருந்தால் இந்த முடிச்சு இருக்காது. பிடுங்கும்போது பக்க வேரையும் பாருங்கள் என்று சொல்வது அதனால்தான்.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீட்டர்கூட நீளமிருக்காது. மண்துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தில் நெளிந்துதான் அது வேரைத் தேடிப் போகிறது. மணலில் இடைவெளி பெரிது, போக வழி தாராளம். களியின் நுண்துளைகள் பலவும் அதன் உடம்பைவிடக் குறுகல். தண்ணீர் நின்றால் புழு காற்றில்லாமல் சுணங்கும். காய்ந்தால் படலம் அறுந்து நகர முடியாது. பாய்ச்சிய தண்ணீர் வடிந்து நிற்கும் மிதமான ஈரம்தான் அதற்கு வாகு. பயிருக்கும் அதே ஈரம்தானே வேண்டும்! போதாததற்கு மணல் நிலம் ஈரத்தைப் பிடித்துவைக்காது. வேர் கெட்ட செடி அங்கேதான் உச்சிவெயிலில் முதலில் துவளும்.

மண்ணின் சூடும் சேர்ந்துகொள்கிறது. வெப்பப் பகுதி வேர்முடிச்சுப் புழு 27 டிகிரி வாக்கில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறையை முடித்துவிடும். ஒரு பெண் புழு சில நூறு முட்டை இடும். மண் சுமார் 18 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அது வேருக்குள் நுழைவது வெகுவாகக் குறைகிறது. புழு தாக்கிக் காரட்டின் ஆணிவேர் முனை கெட்டு வேர் கிளைப்பது முளைத்த முதல் சில வாரங்களில். ஆகவே மண் குளிர்ந்த பிறகு விதைத்தால், புழு சுறுசுறுப்பாவதற்குள் வேர் ஆழம் போய்விடும். குளிரைத் தாங்கும் வேர்முடிச்சு இனமும் உண்டு, அதனிடம் இது அவ்வளவாகப் பலிக்காது. எந்த இனம் என்று தெரியாமல் விதைப்பு நாளை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

களிமண் நிலத்தவர்களும் அசட்டையாக இருக்க வேண்டாம். உருளைக்கிழங்கையும் பீட்ரூட்டையும் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுக்கள் கனமான மண்ணிலும் இருக்கும். அவற்றின் கூட்டுக்குள் இருக்கும் முட்டைகள் பயிரே இல்லாமல் பல வருடங்கள் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

மண் பரிசோதனை செய்துவிட்டோமே என்பார்கள். சத்துக்கான பரிசோதனையில் புழு தெரியாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். நான் முதல்முறை எடுத்த மண்ணை வண்டியிலேயே பகல் முழுக்க வெயிலில் விட்டுவிட்டேன். அறிக்கையில் புழு இல்லை என்று வந்தது, நம்பி விதைத்தேன், மேல்பாதி மொத்தமும் போனது. வழக்கமான முறையில் புழு உயிரோடு நெளிந்து வந்தால்தான் எண்ண முடியும். வேரோரமாக ஒரு சாண் ஆழத்தில், பல இடங்களில், ஈரமாக இருக்கும்போது எடுத்து, பையைக் கட்டி நிழலில் வைத்து அன்றே கொடுக்க வேண்டும். புழு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும் என்பதால் மணல் பகுதிக்கும் களிப் பகுதிக்கும் தனித்தனிப் பை.

அடுத்த விதைப்புக்கு முன் நூற்புழு மண் மாதிரி எடுக்கும் முறையைப் படங்களுடன் ஒரு பக்கம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காரட் பயிரிடும் வாசகர்