தரகர் இல்லாமலும் வீடு கைமாறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டை விற்றால் தரகருக்கு இரண்டு சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்டு விட்டார்கள். விற்பவர் இரண்டு, வாங்குபவர் இரண்டு. ஐம்பது லட்ச ரூபாய் வீடு கைமாறினால் இரண்டு லட்சம் கமிஷனாகப் போகிறது. இப்படி ஒரு விகிதத்தை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. நாமாகக் கொடுத்துப் பழகியதுதான். பெற்றோர் கட்டிய வீட்டைச் சென்ற ஆண்டு தரகர் இல்லாமல் விற்றவள் என்ற முறையில், வீடு விற்கக் காத்திருக்கும் மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வீடு பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில், ஐந்தரை சென்ட். அப்பா 1986-ல் மனை வாங்கி, கூட்டுறவு சங்கத்தில் கடன் போட்டுக் கட்டினார். அம்மாவும் போன பிறகு வாரிசுகள் நாங்கள் மூன்று பேர். நான் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று இங்கேயே இருக்கிறேன். தம்பிகளில் ஒருவன் ஓசூர், இன்னொருவன் கோயம்புத்தூர். விற்பது என்று முடிவானதுமே எப்படியோ செய்தி பரவி, தரகர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே விலையைச் சொல்லிவிட்டார்.

"அக்கா, இந்தப் பக்கம் சென்ட் பத்துக்கு மேல கேக்க ஆளு இல்ல. பழைய கட்டடத்துக்கு ஒண்ணும் தரமாட்டாங்க. அம்பத்தஞ்சுன்னா சொல்லுங்க, நாளைக்கே பார்ட்டியோட வாரேன். அதுக்கு மேல வந்தா அது என் பாடு."

"மேல வர்றதும் உங்களுக்கு, ரெண்டு பெர்சன்ட்டும் உங்களுக்கா தம்பி?"

"அது வழக்கந்தானக்கா."

அவரை ஒரு ஆளாகக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வழக்கம் என்று அவர் சொன்னது உண்மை. என் கேள்வி அந்த வழக்கத்தின் மேல்தான். விற்பவருக்கு விலை தெரியாது, வாங்குபவருக்கு விற்பவரைத் தெரியாது, இருவருக்கும் பத்திரம் புரியாது என்று இருந்த காலத்தில் தரகர் செய்த வேலைக்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்று அதில் பெரும்பகுதி வீட்டில் உட்கார்ந்தே பார்க்கக் கூடியதாகிவிட்டது.

விலையிலிருந்தே தொடங்குகிறேன். பதிவுத்துறையின் இணையதளத்தில் தெருவாரியாக வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. அது அரசின் கணக்கு, சந்தை விலை ஆகாது. ஆனால் அதே தளத்தில் கிராமம், சர்வே எண், உட்பிரிவு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் வில்லங்க விவரத்தை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை, கட்டணமில்லாமல் பார்க்கலாம். எங்கள் வீட்டுக்கு மட்டும் பார்க்காமல், அக்கம்பக்கத்து உட்பிரிவுகளுக்கும் போட்டுப் பார்த்தேன். சமீபத்தில் எது விற்றது, பத்திரத்தில் என்ன தொகை எழுதினார்கள் என்று வரிசையாக வந்தது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கம் நம் ஊரில் உண்டு என்பதால், அந்தத் தொகையைக் குறைந்தபட்ச விலையாக மட்டும் வைத்துக்கொண்டேன். அந்தக் குறைந்தபட்ச விலையே சென்ட் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. பிறகு பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்துக் கட்டடத்தையும் சேர்த்து மதிப்புப் போடச் சொன்னேன். 61 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். நாங்கள் 64 சொல்வது என்று தம்பிகளோடு பேசி முடிவு செய்தோம்.

அதே வில்லங்கத்தைப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அப்பா வாங்கிய வீட்டுக்கடனுக்கான அடமானப் பத்திரம் அப்படியே நின்றது. கடன் அடைந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கடன் புத்தகத்தில் கடைசித் தவணைக்கு எதிரே பச்சை மையில் கையெழுத்தும் சங்கத்தின் வட்ட முத்திரையும் இருக்கின்றன. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதை யாரும் பதிவு செய்யவில்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை வீடு இன்னும் சங்கத்துக்கு அடமானத்தில் இருந்தது. வாங்குபவரின் வங்கி வக்கீல் முதலில் கை வைக்கிற இடம் இதுதான். அட்வான்ஸ் வாங்கிய பிறகு இது தெரிந்திருந்தால், குறைத்துக் கேட்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். சங்கத்துக்கு அலைந்து, ரசீது ஆவணத்தைப் பதிவு செய்து வாங்கிய பிறகே விளம்பரம் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த தரகர்களில் ஒருவர்கூட வில்லங்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மற்ற காகிதங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. தாய்ப்பத்திரம், இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று, எங்கள் மூவர் பெயருக்கும் மாற்றிய கூட்டுப் பட்டா, வீட்டுவரி, குடிநீர் வரி ரசீது, மின் இணைப்பு, கட்டட அனுமதி வரைபடம். ஒரு வக்கீலிடம் கொடுத்து, இதுவே போதும் என்று எழுத்தில் கருத்து வாங்கினேன். நகல்களை ஒரே கோப்பாகக் கட்டி, பார்க்க வருகிறவர் கையில் கொடுக்கத் தயாராக வைத்தேன். கோப்பைப் புரட்டியதும் வருகிறவர்களின் பேச்சே மாறிவிடுகிறது. "பிரச்சினை ஒண்ணும் இல்லையே" என்று இழுப்பவர்கள், அடுத்து எப்போது வரலாம் என்று கேட்கிறார்கள்.

ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். வாசலில் ஒரு பலகை, ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வரி விளம்பரம், குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழு. இவ்வளவுதான் செய்தேன். பலகை மாட்டியதும் வந்த அழைப்புகளில் பாதி தரகர்களுடையவை. "பார்ட்டி கையில இருக்கு" என்பார்கள். பார்ட்டியை நேரே வரச் சொல்லுங்கள், உங்கள் கமிஷனை அவரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்பேன். தனியாக இருக்கும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பொழுது சாய்ந்த பிறகு யாருக்கும் வீட்டைக் காட்டாதீர்கள், காட்டும்போது உறவுக்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வாங்கியவர்கள் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்த ஆசிரியத் தம்பதி. தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணாச்சி சொல்லித்தான் வந்தார்கள். விற்று முடிந்ததும் அண்ணாச்சிக்கு வேட்டி சேலையும் ஐந்தாயிரமும் வைத்துக் கொடுத்தோம். அவர் கேட்கவில்லை, எங்கள் மனத்திருப்திக்குக் கொடுத்தது.

பேரத்தில், வாங்க வந்த அந்தக் கணவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. "உங்களுக்கும் கமிஷன் மிச்சம், எங்களுக்கும் மிச்சம். பார்த்துச் செய்யுங்கக்கா." வாங்குபவர் பக்கம் சும்மா இல்லை. முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக ஒன்பது சதவீதம் அவர் தலையில். 62 லட்சத்துக்கு முடித்தோம். ஐந்தரை லட்சத்துக்கு மேல் அரசுக்கே கட்டுகிறவரிடம் இன்னும் ஒன்றேகால் லட்சம் தரகுக்கு எடுத்து வை என்றால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? எங்கள் பக்கம் மிச்சமானதும் அதே 1,24,000 ரூபாய். வக்கீல், மதிப்பீட்டாளர், விளம்பரம், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு 25,000-க்குள் அடங்கிவிட்டது.

பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டு, மீதியைக் கையில் வாங்கிக்கொள்ளலாமா என்று அவர்கள் தரப்பு உறவினர் ஒருவர் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். வீடு, நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2015 முதலே வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. முழு விலையும் பத்திரத்தில் ஏறினால் வாங்குபவருக்கு வங்கிக் கடனும் அதற்கேற்பக் கிடைக்கும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே அட்வான்ஸ் வாங்கினோம். தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்துக்கும் பதிவு கட்டாயம். விலை 50 லட்சத்தைத் தொட்டுவிட்டால் வாங்குபவர் அதில் ஒரு சதவீதத்தை விற்பவர் பெயரில் வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். எங்கள் ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் கீழ்தான். ஆனாலும் 2024 அக்டோபர் முதல் மொத்த விலையைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். மூவர் பான் எண்ணிலும் தனித்தனியாகக் கட்டச் செய்தோம்.

வெளியூரில் இருக்கும் தம்பிகள் அலைய வேண்டாம், தன் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாக ஒரு தரகர் சொன்னார். உழைத்துக் கட்டிய வீட்டை விற்கும் உரிமையை முன்பின் தெரியாதவர் கையில் எழுதிக் கொடுக்கலாமா? தம்பிகள் இருவரும் லீவு போட்டு வந்து, பதிவு அலுவலகத்தில் என்னோடு கைரேகை வைத்தார்கள்.

தரகர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, நடமாட முடியாமல் இருக்கும் பெரியவர்களுக்கு நம்பகமான ஒருவர் தேவைதான். வழக்கில் இருக்கும் மனையை, "இதுல கை வைக்காதீங்க" என்று சொல்லி விலக்கிவிட்ட தரகரையும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவருக்கு உழைப்புக்கு ஏற்ற தொகையைக் கொடுக்கத்தான் வேண்டும். அந்தத் தொகையை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். முப்பது லட்சம் வீட்டைக் காட்டவும் தொண்ணூறு லட்சம் வீட்டைக் காட்டவும் ஒரே நடைதான். கூலி மட்டும் ஏன் மூன்று மடங்காக வேண்டும்? வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஒப்புக்கொண்ட வேலை முடிந்த பிறகே முகவருக்குக் கூலி சேரும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆவது பிரிவு சொல்கிறது. அட்வான்ஸ் அன்றே பாதி கமிஷன் கேட்பவரிடம் இதைச் சொல்லலாம்.

ரசீதும் வாங்குங்கள். வீடு விற்ற லாபத்துக்கு வரி கணக்கிடும்போது விற்பனைக்காகக் கொடுத்த தரகைக் கழித்துக்கொள்ளலாம். துண்டுச் சீட்டுகூட இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால் எதைக் காட்டிக் கழிப்பது? கையை விட்டுப் போன பணத்துக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் கமிஷனுக்கு ரசீது கொடுத்த தரகரை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்கள் பதிவு பெற வேண்டும் என்கிறது. ஆனால் அது ஆணையத்தில் பதிவான திட்டங்களில் மனையும் அடுக்குமாடி வீடும் விற்றுத் தருபவர்களுக்குத்தான். எங்கள் வீட்டைப் போன்ற பழைய தனி வீட்டை விற்றுத் தருபவரை அது தொடுவதில்லை. ஹரியானாவில் சொத்துத் தரகர்களுக்கு உரிமம் வேண்டும் என்று 2008-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசும் மறுவிற்பனைத் தரகர்களுக்குப் பதிவு எண், எழுத்தில் ஒப்பந்தம், கட்டாய ரசீது இந்த மூன்றையும் கொண்டுவர வேண்டும். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவர் அதை இரண்டு பக்கத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வீடு விற்பனைக்கான வரி விளம்பரங்களில் விளம்பரம் கொடுப்பவர் உரிமையாளரா, தரகரா என்பதைக் கட்டாயம் குறிப்பிடச் செய்யுங்கள். உரிமையாளர் என்று சொல்பவரிடம் வீட்டுவரி ரசீது நகல் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மின்வாரிய ஓய்வூதியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.