மிருதங்கம் வாசிக்கும் எங்கள் பெண்களுக்காக: விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு, சித்தூர் வட்டாரக் கோவில் விழாக் குழுவினருக்கும் சபாக்காரர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசியில் கல்பாத்தித் தேர். அதையொட்டி நம் பக்கத்துக் கச்சேரிகளுக்கும் பேர் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். பாட்டுக்கும் வயலினுக்கும் பெண்கள் பேர் வருகிறது. மிருதங்கம், கடம் என்றால் மட்டும் ஆண்கள்தான்.

வாசிக்கப் பெண்கள் இல்லாமலில்லை. கொழிஞ்சாம்பாறையில் என் அக்கா மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரவையைப் பிசைந்து மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில் அப்பி, கல்லும் கட்டையுமாகச் சுருதி சேர்க்க உட்கார்ந்துவிடுவாள். போன வருஷம் ஒரு கோவிலில் அவளை வாசிக்கச் சொல்லிவிட்டு, பாட வருபவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று முந்தின நாள் ராத்திரி வேண்டாம் என்றார்கள். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் ஊர்ப் பேர் கொண்ட மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரே வெகுகாலம் பெண்களுக்கு வாசிக்காதவர்தான். அப்புறம் பாடகி டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார், தன் மகளை அவர் மகனுக்கே கட்டியும் கொடுத்தார். கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபாலோடு மேடையில் உட்கார மறுத்த வித்வான்கள் இருந்தார்கள். அவர் விடாமல் வாசித்தார், பெண்களின் தாளவாத்தியக் குழு ஒன்றையும் உண்டாக்கினார். அவருக்குப் பிறகும் ஒவ்வொரு பெண்ணும் தனியாகவே முட்டி மோத வேண்டுமா?

பெரிய லீவில் ஒரு பயிற்சி முகாம் நடத்துங்கள். தாளவாத்தியம் மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை வகுப்பிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். கீர்த்தனைக்கு அடக்கி வாசிப்பதும், ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் பாடுபவர் போகும் போக்கைப் பிடித்துக்கொள்வதும் பாடகரோடு உட்கார்ந்தால்தான் வரும். மூத்த பாடகர்கள் இரண்டு பேர் வந்து பாடினாலே போதும்.

வாத்தியமும் வேண்டும். ஆண் குரலுக்குச் சுருதி ஒன்று, ஒன்றரைக் கட்டை. பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை. தாழ்ந்த சுருதிக்குத் தக்கு மிருதங்கம் ஒன்று, உயர்ந்த சுருதிக்கு ஹெச்சு ஒன்று என்று இரண்டு இல்லாமல் கச்சேரிக்குப் போக முடியாது. பையனுக்கென்றால் கடன் வாங்கியாவது வாங்குகிற வீட்டில், பெண்ணுக்கு யோசிக்கிறார்கள். செய்து தரப் பெருவெம்பில் ஆள் இருக்கிறார்கள். விழா நிதியில் ஒரு ஜோடி வாங்கிப் பொதுவில் வையுங்கள்.

அப்புறம் மேடை. மகளிர் தினக் கச்சேரி வேண்டாம். வழக்கமான சாயங்காலக் கச்சேரியிலேயே, பாடுபவர் ஆணானாலும் பெண்ணானாலும், உட்கார வையுங்கள். சன்மானம் எல்லாருக்கும் கொடுப்பதே. ராத்திரி வீடு திரும்ப ஒரு வண்டி. பாடகர் மறுத்தால் அவரிடம் பேசுங்கள், பெண்ணை மாற்றாதீர்கள்.

பேர் எழுதும் கூட்டத்துக்கு முன்னால் சொல்லி அனுப்புங்கள். தயாராக இருக்கும் பெண்களை அவர்கள் குருமாரோடு அழைத்து வருகிறோம். வாசிக்கக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.