மகளுக்கு, ஆனதோத் நிலத்தைப் பற்றி

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டுவலி பரவாயில்லை. அண்ணன் வந்துபோனான். மற்ற சேதிகளைப் பிறகு எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ சிரித்த சிரிப்பு என் மனதில் கிடந்து உறுத்துகிறது. ஏதோ ஊழல் வழக்கைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, "எல்லாரும் ஒண்ணுதாம்ப்பா, விடுங்க" என்று சிரித்தாய். அது உன் சிரிப்பு இல்லை. வகுப்பில் வேறொரு பிள்ளைக்கு அநியாயம் நடந்தாலும் முகம் சிவந்து வீட்டுக்கு வருகிறவள் நீ.

நேரத்துக்குச் சாப்பிடு. தனியாக இருக்காதே.

நீ சொல்வது பொய் என்று நான் வாதாட வரவில்லை. வேதம் அதைவிடக் கடுமையாகச் சொல்லிவிட்டது. "பிரபுக்களையும், இரட்சிக்கத் திராணியில்லாத மனுபுத்திரனையும் நம்பாதேயுங்கள்" என்கிறது 146ஆம் சங்கீதம். ஆனால் அடுத்த வசனங்களையும் வாசி. ஒடுக்கப்பட்டவனுக்கு நியாயம், பசித்தவனுக்கு ஆகாரம், கட்டுண்டவனுக்கு விடுதலை என்று அது போய்க்கொண்டே இருக்கிறது. மனிதன் கெட்டவன் என்று கண்டுகொண்டவள் அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாதம்மா.

இயேசுவை விசாரித்த ரோம அதிகாரி பிலாத்துவுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. "சத்தியமாவது என்ன?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே போனான். இவரிடத்தில் குற்றம் இல்லை என்று யோவான் சுவிசேஷத்தில் மூன்று முறை சொல்கிறான். கடைசியில் சிலுவையில் அறையத்தான் ஒப்புக்கொடுத்தான். எதிலும் நம்பிக்கையில்லாத அதிகாரியைத் தங்கள் வழிக்குக் கொண்டுவருவது எவ்வளவு சுலபம் என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. எல்லாரும் ஒன்றுதான் என்று நல்லவர்கள் நினைக்கவேண்டும், தப்பு செய்கிறவனுக்கு அது போதும்.

உனக்காக எரேமியா 32ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பாபிலோன் படை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. நகரம் விழும் என்று வருடக்கணக்காகச் சொன்னதற்காக எரேமியா தீர்க்கதரிசியைக் காவல் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அப்போது உறவுக்காரன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரியின் காலடியில் கிடக்கிற நிலம்! எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளை வைத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார், பத்திரம் நெடுநாள் இருக்கும்படி அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். அதன்பிறகு ஜெபத்தில், நகரமே எதிரி கையில் போகிறதே, என்னை ஏன் நிலம் வாங்கச் சொன்னீர் என்று கர்த்தரிடமே கேட்கிறார். தெளிவு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்த நிலத்தில் அவர் உழுததாக வேதத்தில் எங்கும் இல்லை, ஜனங்கள் அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்ற வாக்கை நம்பி, சட்டப்படி முறையாக, அன்றைக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்தார். நாட்டு நிலைமை நன்றாகிவிடும் என்று அவர் கணக்குப் போடவில்லை, வாக்குக் கொடுத்தவரைத்தான் பார்த்தார்.

சபைகளே அதிகாரத்தின் பக்கம் நிற்கவில்லையா என்று கேட்பாய். நின்றன. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் எத்தனையோ சபைகள் நின்றன, அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே நாட்டில், பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்குப் பகுதியில், லைப்சிக் நகரத்து நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்கிழமைதோறும் சமாதானத்துக்காக ஜெபித்தார்கள். தொடக்கத்தில் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வேவு பார்க்கிறவர்களும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்து ஏறக்குறைய 70,000 பேர் தெருவில் நடந்தார்கள். படை தயாராக நின்றது, துப்பாக்கி வெடிக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அந்த ஏழு வருடத் திங்கள்கிழமைகளில் பலன் கண்ணுக்குத் தெரிந்த நாள் எத்தனை இருந்திருக்கும், யோசி. அவர்கள் கூடி இருந்தார்கள், அதனால் தாக்குப்பிடித்தார்கள். அதனால்தான் திரும்பச் சொல்கிறேன், தனியாக இருக்காதே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே.

நம்முடைய நம்பிக்கை பொய்த் தீர்ப்பு எழுதிய ஒரு அரசாங்கத்தின் முன்னால் பிறந்தது. கல்லறைக்கு முத்திரை போட்டுக் காவலும் வைத்தார்கள். தேவன் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டார். இது நடந்தது என்று நம்புகிறவளுக்கு, உன் அலுவலகத்தில் அந்தக் கோப்பை மூடிவிட்டார்கள் என்பது கடைசி வார்த்தையாக இருக்க முடியுமா?

அந்தக் கோப்பில் நீ எழுதிய குறிப்பைப் பற்றி அண்ணன் சொன்ன ராத்திரி, நானும் அம்மாவும் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் பண்ணினோம். உன்னை மாற்றல் செய்ததையும் அவன்தான் சொன்னான். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்றவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்தாயா? எங்களுக்கு வேறு என்ன வேலை?

விசாரணைக்கு உன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருப்பது எனக்குத் தெரியும். போனால் இன்னும் நெருக்கடி வரும், வராது என்று ஆறுதல் சொல்ல என்னால் முடியாது. அண்ணனை விட்டுக் கேட்கச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நானே கேட்கிறேன். போவாயா? போவதானால் தேதி எழுது, அப்பா கூட வருகிறேன், வெளி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாலும் எழுது. பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா