அல் ஐன் அருங்காட்சியகப் பயணம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் தமிழ்ப் பள்ளியின் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களை வரும் சனிக்கிழமை காலை, அமீரகத்தின் அபுதாபிப் பகுதியைச் சேர்ந்த நம் அல் ஐன் நகரின் அருங்காட்சியகத்துக்கும், அதை ஒட்டியிருக்கும் பேரீச்சந்தோப்புக்கும் அழைத்துச் செல்ல முடிவு செய்திருக்கிறோம். இதே ஊரில் வசித்துக்கொண்டு, அருங்காட்சியகத்தை ஒட்டிய கோட்டையின் சுவரை அடிக்கடி கடந்துபோகும் குழந்தைகளுக்கு இப்படி ஒரு பயணம் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி என்பதால் சற்று விரிவாகவே விடை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஏழாம் வகுப்பில் நாம் வாழும் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, எண்ணெய் கிடைப்பதற்கு முன் இங்கே வெறும் மணல்தான் இருந்தது என்று பல பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். அது அவர்கள் குற்றமன்று. பெரியவர்களாகிய நாமும் பேச்சுவாக்கில் அப்படித்தான் சொல்லிவருகிறோம். ஆனால் ஹஃபீத் மலையடிவாரத்தில் தேன்கூடு வடிவில் கல்லடுக்கிக் கட்டப்பட்ட கல்லறைகள் சுமார் 5,000 ஆண்டுப் பழமையானவை. அவற்றில் மெசபொத்தேமியப் பானைகள் கிடைத்திருக்கின்றன. அதற்குப் பிந்தைய, அபுதாபி அருகிலுள்ள ஒரு தீவின் பெயரால் உம்மு அந்-நார் காலம் எனப்படும் காலத்துக் கல்லறைகளில் சிந்துவெளியிலிருந்து வந்த செந்நிறச் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. செம்பு வணிகத்தால் கடல் கடந்தும் அறியப்பட்டிருந்த நிலப்பகுதி இது. இந்திய நிலத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்தவர்களில் நாம் முதல்வர்கள் அல்லர் என்பதை நம் பிள்ளைகள் ஒரு மணியைக் கண்ணால் பார்த்து உணர வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

அருங்காட்சியகம் உருவான கதையும் சொல்லத்தக்கது. 1959-இல் டென்மார்க் தொல்லியலாளர்கள் அந்த உம்மு அந்-நார் தீவில் அகழாய்வு நடத்தியபோது, அங்கே வந்து பார்த்த, பின்னாளில் அமீரகத்தின் முதல் குடியரசுத் தலைவரான ஷேக் சாயித், தாம் பொறுப்பு வகித்த அல் ஐன் பகுதியிலும் இத்தகைய கற்குவியல்கள் இருப்பதாகக் கூறி அவர்களை அழைத்தார். அல் ஐனைச் சேர்ந்த ஹீலியிலும் ஹஃபீத்திலும் அதன்பின் வெளிப்பட்டவற்றைப் பாதுகாக்க இடம் வேண்டியிருந்தது. 1969-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம், 1910-இல் எழுந்த சுல்தான் கோட்டையை ஒட்டிய கட்டடத்தில் 1971-இல், அதாவது அமீரகக் கூட்டமைப்பு பிறந்த அதே ஆண்டில் திறக்கப்பட்டது. நெடுநாள் புதுப்பிப்புப் பணிகளுக்குப் பின் 2025-இல் அது மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பணிகளின்போது வளாகத்துக்கு அடியிலேயே பழைய நீர்க்கால்களும் ஒரு கல்லறையும் வெளிப்பட்டன; அவற்றையும் காட்சியின் பகுதியாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

அந்த நீர்க்கால்களுக்காகவே பயணத்தின் பெரும்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன். ஃபலஜ் எனப்படும் இம்முறையில், மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் கிடைக்கும் ஆழத்துக்குத் தாய்க்கிணறு ஒன்றை வெட்டி, அங்கிருந்து தோப்பு வரை பூமிக்கடியில் மிக மெல்லிய சரிவோடு சுரங்கம் தோண்டுவார்கள். இடையிடையே தூர்வாரவும் காற்று புகவும் செங்குத்தான குழிகள் இருக்கும். இறைப்பே இல்லாமல், வெயிலில் ஆவியாகாமல், நீர் தானே ஓடிவரும். சரிவு கூடினால் மண் அரித்துச் சுரங்கம் இடியும். குறைந்தால் நீர் தேங்கும். இந்தக் கணக்கை சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிருந்தவர்கள் கைவரப் பெற்றிருந்தார்கள். ஃபலஜ் என்ற சொல்லுக்கே பங்கிடுதல் என்று பொருள் உண்டு. பகலில் நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து, யார் தோப்புக்கு எவ்வளவு நேரம் நீர் என்று முறை வைத்துப் பங்கிட்டார்கள். 2011-இல் அல் ஐனின் தொல்லிடங்களையும் தோப்புகளையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, இந்த நீர்ப்பாசனத்தையும் சேர்த்தே மதித்தது.

இவ்விடத்தில் உங்கள் உதவி தேவைப்படுகிறது. உங்கள் சொந்த ஊரில் ஏரிநீரை யார் திறந்துவிட்டார்கள், முறைத்தண்ணீர் எப்படிப் பிரிந்தது, தண்ணீருக்காகச் சண்டை வந்தால் யார் தீர்த்தார்கள் என்பதை வெள்ளிக்கிழமை இரவுக்குள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். ஃபலஜ் கரையில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் அதைத் தமிழில் சொல்லப்போகிறார்கள்.

வினாத்தாள் எதுவும் கொடுக்கப்போவதில்லை. முன்பு ஒரு பயணத்தில் அப்படிக் கொடுத்து, பொருள்களைப் பார்க்காமல் பெயர்ப்பலகைகளை மட்டும் நகலெடுத்துக்கொண்டு ஓடிய பிள்ளைகளைக் கண்டு வருந்தியிருக்கிறேன். இம்முறை ஒரு பொருளைத் தேர்ந்து, அதன் எதிரே பத்து நிமிடம் நின்று, படம் வரைந்தால் போதும்.

பள்ளியிலிருந்து காலை 9 மணிக்குப் புறப்பட்டு 1 மணிக்குத் திரும்புவோம். பயணச் செலவைப் பள்ளியே ஏற்கிறது. தொப்பி, தண்ணீர்ப் புட்டி, பென்சில், வரைதாள் ஆகியவை போதும், கைபேசி வேண்டாம். உடன்வர விரும்பும் பெற்றோர் நால்வர் தேவை. தாத்தா பாட்டிகள் இங்கே வந்திருந்தால் அவர்களையே முதலில் அழைக்கிறேன். இணைத்துள்ள இசைவுச் சீட்டில் கையொப்பமிட்டு, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்