செய்முறையே நடக்காத டாலி (DALI) லைட்டிங் பயிற்சி: கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், பயிற்சிப் பிரிவு, சென்னை

ஐயா,

வணக்கம். காரைக்குடியில் எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். வணிகக் கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் டாலி பயிற்சிக்காக, அதாவது ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு எண் கொடுத்துத் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் லைட்டிங் கண்ட்ரோல் முறைக்காக, என்னிடம் வேலை பார்க்கும் மூன்று வயர்மேன்களுக்கும் சேர்த்து 54,000 ரூபாய் உங்களிடம் கட்டினேன். ரசீது இணைத்திருக்கிறேன். போன் செய்து, மெயில் போட்டு, ஆள் மாற்றி ஆள் பேசி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு டாலி லைனில் 64 முகவரி, 16 குரூப், 16 சீன் (முன்கூட்டியே பதிந்து வைக்கும் வெளிச்ச அமைப்பு) என்று உங்கள் ஆசிரியர் ஆன்லைனில் படம் போட்டுக் காட்டினார். சரி, அதைப் பையன்களே படித்துக்கொள்வார்கள். நான் பணம் கட்டியது செய்முறைக்கு. எல்.இ.டி. விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவருக்கு முகவரி போடுவது, குரூப் பிரிப்பது, பகல் வெளிச்சத்துக்கு ஏற்ப சென்சாரை செட் பண்ணுவது. அதுதான் நடக்கவே இல்லை.

தேதி கொடுத்து வரச்சொன்னது நீங்கள். விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடித்து சென்னை வந்தால், வாசலிலேயே செக்யூரிட்டி "இன்னிக்கு கிளாஸ் இல்லையே" என்கிறார். டெமோ போர்டைக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். எங்களுக்கு ஒரு மெசேஜ் போட உங்கள் ஆபீசில் ஆளில்லையா? ரயில், ரூம், பையன்களின் கூலி எல்லாம் என் தலையில்.

வாசலில் நின்றபடியே கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். எடுத்தவர் சொன்னது இது: "காரைக்குடியில இதெல்லாம் யாருக்குங்க வேணும்? சுவிட்சைப் போட்டா எரியப்போகுது." ஐயா, பக்கத்துக் கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகள் ஹோட்டலாகியிருக்கின்றன. முற்றத்தில் வெயில் கொட்டுகிற நேரத்திலும் தாழ்வார விளக்குகள் வீணாக எரிகின்றன. சுண்ணாம்புச் சுவரை உடைத்துப் புதுப் பைப் ஓட்ட வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். கண்ட்ரோல் தெரிந்தவனுக்குத்தான் இனி இங்கே வேலை. இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் லைனைத் துண்டித்துவிட்டார். இதே முற்றத்துக்கு, உடல் சூட்டை வைத்து ஆள் நடமாட்டத்தை அறியும் பி.ஐ.ஆர். சென்சாரை எங்கே மாட்டுவது, சுடுகிற தரை அதை ஏமாற்றாதா என்று என் பையன் வகுப்பில் கேட்டதற்கும் பதில் இல்லை.

உங்களை நம்பி ஒரு ஹோட்டல் வேலையை ஒப்புக்கொண்டிருந்தேன். டிரைவர்களை மாட்டியாயிற்று, முகவரி போடத் தெரிந்த ஆள் இல்லை. தாழ்வாரத்தை மங்க வைத்தால் சாப்பாட்டுக் கூடம், அறைகள் எல்லாம் சேர்ந்து மங்குகின்றன! முதலாளி கோயம்புத்தூரிலிருந்து வேறு ஆளை வரவழைத்துவிட்டார். அப்பா காலத்திலிருந்து சேர்த்த பேர் மொத்தமும் போயிற்று. இதற்கு நடுவில் "பயிற்சி நிறைவுற்றது" என்று உங்களிடமிருந்து சான்றிதழ் வேறு வருகிறது. போர்டைத் தொட்டே பார்க்காதவனுக்கு எதற்கு ஐயா சான்றிதழ்?

உங்களிடம் விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று இன்னமும் நம்புகிறேன். தயவுசெய்து டெமோ போர்டோடு ஒரு நல்ல ஆசிரியரைக் காரைக்குடிக்கு அனுப்பிச் செய்முறையை முடித்துக்கொடுங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் சென்னை வந்துபோன செலவையும் தந்துவிடுங்கள். எதுவானாலும், போனில் அப்படிப் பேசியவர் என் பையன்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை விடமாட்டேன்.

15 நாள் பார்ப்பேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் போகும், சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவும் விழும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அலைய வேண்டியது நீங்கள்தான்.

இப்படிக்கு,
காரைக்குடி எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர்

இணைப்பு: ரசீது, ரயில் டிக்கெட், மெயில் நகல்கள்