தவறான விடைகளோடு விற்கப்படும் ஆங்கிலப் பயிற்சி: திருத்தமும் பணமும் கோரிப் புகார்

அனுப்புநர்:
மாலைப் படிப்பு வகுப்பின் பொறுப்பாளர்,
90 அடி சாலை, தாராவி,
மும்பை 400017.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
கல்லூரி மாணவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சி ஆப் பிரிவு.

பொருள்: ஆங்கிலச் சொல்வளம், பாசேஜ் வாசிப்புப் பயிற்சியில் உள்ள தவறான விடைகளைத் திருத்தவும், கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தாராவியில் கல்லூரி படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து மாலை வகுப்பு ஒன்று நடத்துகிறோம். பகலில் வங்கியில் வேலை, மாலையில் இந்த வகுப்பு என்பது என் வழக்கம். பிள்ளைகளில் பாதிப் பேர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, நடுவில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியவர்கள். இப்போது எஸ்.ஒய்., டி.ஒய். பி.காம், அதாவது இரண்டாம், மூன்றாம் ஆண்டு பி.காம் படிக்கிறார்கள். வங்கித் தேர்வு, கேம்பஸ் இன்டர்வியூ, ஒருசிலருக்கு எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வு என்று ஆளுக்கொரு இலக்கு இருக்கிறது. எல்லோரையும் ஒரே இடத்தில் மடக்கிப் போடுவது ஆங்கிலப் பாசேஜ்தான்.

அதனால்தான் உங்கள் ஓராண்டு குரூப் பேக்கேஜை வாங்கினோம். தலைக்கு 2,499 ரூபாய். சில பெற்றோர் தவணையாகக் கொடுத்தார்கள். மீதியை, வேலைக்குப் போய்விட்ட எங்கள் பழைய மாணவர்கள் போட்டார்கள். “ஒவ்வொரு விடைக்கும் நிபுணர்களின் தமிழ் விளக்கம்” என்று உங்கள் விளம்பரத்தில் இருந்த ஒரு வரியை நம்பித்தான் இந்தப் பணம் கட்டப்பட்டது. வேறு மலிவான ஆப்களும் புத்தகங்களும் இருந்தும் உங்களிடம் வந்ததற்கு அந்த வரிதான் காரணம்.

என் முதல் புகார் அந்த விளக்கங்களைப் பற்றியது. ஒன்றை மட்டும் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

உங்கள் பயிற்சியில் பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றி ஒரு பாசேஜ் இருக்கிறது. நல்ல பாசேஜ். 1990-களில் இந்தியாவில் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மாடுகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து செத்த மாட்டின் உடலில் தங்கியிருந்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதை அரசு தடை செய்தது. கழுகு இல்லாமல் போனதும் சடலங்கள் தேங்கின, அவற்றைத் தின்று தெருநாய்கள் பெருகின. மலபார் ஹில்லில் பார்சிகள் தங்கள் இறந்தவர்களை வைக்கும் அமைதிக் கோபுரங்களுக்கும் கழுகுகள் வருவது நின்றது. இந்த ஊரில் நடந்த விஷயம் என்பதால் எங்கள் பிள்ளைகள் ஆர்வமாகப் படித்தார்கள்.

பாசேஜுக்குக் கீழே ஒரு கேள்வி: இதிலிருந்து எதை ஊகிக்கலாம்? ‘ஏ’ விடை, நாய்கள் பெருகியதால் கழுகுகளுக்கு இரை கிடைக்காமல் போனது என்கிறது. ‘சி’ விடை, அந்த மருந்து கால்நடைகளுக்குக் கொடுக்கப்படாமல் இருந்திருந்தால் நாய்கள் இவ்வளவு பெருகியிருக்காது என்கிறது. எஸ்.ஒய். படிக்கும் ஒரு பெண் ‘சி’யைத் தேர்ந்தெடுத்தாள். மருந்தால் கழுகு செத்தது, கழுகு செத்ததால் சடலம் தேங்கியது, சடலம் தேங்கியதால் நாய் பெருகியது என்று மூன்று படிகளையும் அவளே கோத்துப் பார்த்துச் சொன்ன விடை அது. உங்கள் ஆப் சிவப்பில் ‘தவறு’ என்று காட்டியது. சரியான விடை ‘ஏ’யாம். விளக்கமாக ஒரே ஒரு வரி: “பத்தியில் நாய்கள் பற்றிக் கூறப்பட்டுள்ளது.”

காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். பாசேஜில் வரும் சொற்களை அப்படியே எடுத்து, அவற்றுக்கு இடையே உள்ள தொடர்பை மட்டும் மாற்றி ஒரு விடையை வைப்பது, கேள்வி தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே விரிக்கும் வலை. அந்த வலையில் விழாமல் இருக்கத்தான் பயிற்சியே. விழுந்தவருக்கு மார்க் கொடுத்து, தப்பித்தவளுக்கு மார்க் பிடித்தால் அதைப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பெண் என்னிடம் வந்து வாதாடவில்லை. “நான்தான் சரியாப் படிக்கல போல அக்கா” என்றாள். அடுத்த பாசேஜில் எந்த விடையில் பாசேஜின் சொற்கள் அதிகமாக இருக்கிறதோ அதையே தேடித் தேடித் தொட ஆரம்பித்துவிட்டாள். சரியாகப் படித்துக்கொண்டிருந்தவளைத் தன் வாசிப்பின் மேலேயே நம்பிக்கை இழக்க வைத்தது உங்கள் விடைக்குறிப்பு. நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே இதனால்தான்.

ஆங்கிலம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு தவறான விடை வந்தால், அப்பாவையோ அம்மாவையோ கேட்கும். அவர்களும் பார்த்துவிட்டு, ஆப்பில்தான் தப்பு என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டில் போய் யாரைக் கேட்பார்கள்? அவர்களுக்கு உங்கள் விடைக்குறிப்பில் உள்ளதுதான் வேதவாக்கு. யாருக்குத் தமிழ் விளக்கம் மிகவும் தேவைப்படுகிறதோ, அவர்களால்தான் உங்கள் தவறைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இது ஒரு பாசேஜோடு நிற்கவில்லை. “எது சொல்லப்படவில்லை” என்று கேட்கும் கேள்விகளில், சொல்லப்பட்ட ஒன்றையே விடையாகக் காட்டும் தவறு திரும்பத் திரும்ப வருகிறது. வகுப்பில் நாங்கள் கண்டவற்றை ஸ்கிரீன்ஷாட்டோடு, எந்த வரியில் ஆதாரம் இருக்கிறது என்று குறித்து இணைத்திருக்கிறேன். பாசேஜ் விளக்கம் என்றால், விடை எந்த வரியிலிருந்து வருகிறது, மற்ற மூன்றும் ஏன் நிற்காது என்று இரண்டையும் சொல்ல வேண்டும். அது இல்லாத விளக்கத்தை எந்த நிபுணர் எழுதினார் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

அடுத்தது உங்கள் சொல் அட்டைகள். ‘சாங்ஷன்’ என்ற சொல்லுக்கு ‘தடை’ என்று ஒரே பொருள் போட்டிருக்கிறீர்கள். ஒரு நாட்டின் மேல் விதிக்கும் பொருளாதாரத் தடைக்கு அது சரி. ஆனால் வங்கி வேலைக்குப் படிக்கும் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது லோன் சாங்ஷன் ஆவது. அங்கே அதன் பொருள் அனுமதி, அதாவது நேர் எதிர். உங்கள் அட்டையை மனப்பாடம் செய்த ஒரு பையன், வங்கி கடனைச் சாங்ஷன் செய்தது என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு, கடன் மறுக்கப்பட்டது என்று விடை எழுதினான். வாக்கியம் இல்லாமல் சொல்லும் பொருளுமாக மட்டும் அட்டை போட்டால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு வாக்கியமாவது இருக்க வேண்டும்.

எந்தச் சொற்களைக் கற்றுத் தருகிறீர்கள் என்பதிலும் எனக்கு வருத்தம் உண்டு. வங்கி பி.ஓ., அதாவது வங்கி அதிகாரி வேலைக்கான தேர்வு என்று தலைப்புப் போட்ட பகுதியில், விதவிதமான பயங்களுக்கும் பித்துகளுக்கும் பெயர் சொல்லும் நீண்ட பட்டியல் இருக்கிறது. அந்த ஒற்றைச் சொல் கேள்விகள் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வில் வருபவை. வங்கி பி.ஓ. தேர்வில் பாசேஜ், கோடிட்ட இடம், பிழை கண்டுபிடித்தல், வாக்கியங்களை வரிசைப்படுத்துதல் இவைதான் வழக்கம். கேட் பகுதியிலோ எதிர்ச்சொல்லும், இரு சொற்களின் உறவைக் கேட்கும் சொல்லிணைகளும் நிறைத்து வைத்திருக்கிறீர்கள். 2024 கேட்டில் ஆங்கிலப் பிரிவின் 24 கேள்விகளில் 16 பாசேஜிலிருந்துதான் வந்தன. மேற்படிப்புச் சேர்க்கைக்கான அமெரிக்காவின் ஜி.ஆர்.இ. தேர்விலேயே எதிர்ச்சொல், சொல்லிணைக் கேள்விகளை 2011-ல் எடுத்துவிட்டார்கள். பழைய புத்தகங்களிலிருந்து எடுத்ததைப் புதிய தேர்வு முறை என்று விற்றிருக்கிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது.

எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுவது அபூர்வச் சொற்களில் இல்லை. ‘அன்லெஸ்’, ‘ஹார்ட்லி’, ‘நாட்வித்ஸ்டாண்டிங்’, ‘வேர்ஆஸ்’ போன்ற சின்னச் சொற்களில்தான். வாக்கியத்தைத் திருப்புவது இவைதான், இவற்றில் ஒன்றுக்கும் உங்களிடம் அட்டை இல்லை. நியூசிலாந்தின் வெலிங்டனில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் கல்லூரிப் புத்தகங்களில் அதிகம் வரும் சொற்களைத் தொகுத்து, 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை 2000-ல் வெளியிட்டார். அனலைஸ், அஸ்யூம், கான்டெக்ஸ்ட் போன்ற சொற்கள் அவை. அவர் எடுத்துக்கொண்ட கல்லூரிப் பாடங்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 சதவீதம் இந்தப் பட்டியலில் அடங்கிவிடும். இப்படி ஒரு பட்டியல் கையில் கிடைக்கும்போது, எங்கும் எதிர்ப்படாத சொற்களைப் பிள்ளைகள் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்?

மாக் டெஸ்ட் என்ற மாதிரித் தேர்வைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடும். அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். அமைப்பின் பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, தனியாக 20 நிமிடம், ஒவ்வொரு தவறுக்கும் கால் மார்க் கழியும். உங்கள் டெஸ்டில் எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து ஒரே கடிகாரம், தவறுக்கு ஒன்றும் கழிவதில்லை. 15 சரி, 15 தவறு என்றால் உண்மையில் கையில் நிற்பது 11.25 மார்க். நீங்கள் காட்டுவது 15. அதை நம்பி, தெரியாத கேள்விக்கும் குருட்டாம்போக்கில் விடை தொடும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இப்போது போராடுகிறோம்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் பலமுறை சொல்லிவிட்டேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. “கன்டென்ட் டீமுக்கு அனுப்பியாச்சு மேடம்” என்பதற்கு மேல் சொல்ல அவருக்கு எதுவும் தரப்படவில்லை. கழுகுப் பாசேஜ் பற்றிய புகார், “தீர்க்கப்பட்டது” என்று குறித்து மூடப்பட்டிருக்கிறது. இன்று காலையும் திறந்து பார்த்தேன். விடை ‘ஏ’ அப்படியே இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, வாங்கிய ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்று பதில் வந்தது. பாசேஜ்களைப் பிள்ளைகள் படித்து, விடையை நாங்கள் சரிபார்த்த பிறகுதான் இந்தக் குறை வெளியே தெரியும். அதை ஏழு நாளில் கண்டுபிடிக்கச் சொல்வது நியாயமே இல்லை.

நான் கேட்பது இதுதான். முழுப் பணத்தையும், கட்டிய அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். அது பெற்றோரும் பழைய மாணவர்களும் கொடுத்த பணம், அவர்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும். இணைத்துள்ள தவறான விடைகளைத் திருத்துங்கள். திருத்துவதோடு நிறுத்தாமல், அந்தக் கேள்விகளுக்கு ஏற்கெனவே விடையளித்த எல்லா மாணவர்களுக்கும், “இந்தக் கேள்விக்கு எங்கள் குறிப்புதான் தவறு” என்று ஆப்பிலேயே தெரிவியுங்கள். பணம் திரும்பினாலும் இல்லாவிட்டாலும் இந்த அறிவிப்பு போயாக வேண்டும். எங்கள் வகுப்புக்கு வெளியே, சேலத்திலோ தூத்துக்குடியிலோ இதே ஆப்பில் படிக்கும் பிள்ளைக்கும் அது போய்ச் சேர வேண்டும். விளக்கங்களை ஆங்கிலமும் தமிழும் தெரிந்த ஓர் ஆசிரியர் சரிபார்க்கும் வரை, “நிபுணர்களின் தமிழ் விளக்கம்” என்ற விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள்.

விளம்பரத்தில் சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால், அது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கேள்வி கேட்கத்தக்கது. பயிற்சி நிறுவனங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதல்களே வெளியிட்டிருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதன் பிறகு மும்பையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். புகார் செய்பவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணமும் கிடையாது. அதுவரை போகாமல் நீங்களே சரிசெய்துவிட வேண்டும் என்பதே என் விருப்பம்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போனில் வேண்டாம். விடைகளைத் திருத்தும் உங்கள் குழுவினர் என்னோடு பேச விரும்பினால், வார நாட்களில் மாலை ஏழு மணிக்கு மேல் வகுப்பில்தான் இருப்பேன். பாசேஜ்களை வரிவரியாக எடுத்து வைத்துப் பேசத் தயாராக இருக்கிறேன்.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, உங்கள் விளம்பரத்தின் பிரதி, தவறான விடைகளின் ஸ்கிரீன்ஷாட்டுகள், மூடப்பட்ட புகார்களின் விவரம்.

இப்படிக்கு,
மாலைப் படிப்பு வகுப்பின் பொறுப்பாளர்,
தாராவி, மும்பை.