மீனவப் பெண்ணுக்குச் சாயம் எதற்கு?

ஐயா,

சின்னத்திரையில் கறுப்பு நிறக் கதாநாயகிகள் குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். சிவந்த நிற நடிகைக்குக் கறுப்புச் சாயம் பூசி நடிக்க வைத்துவிட்டு, அதையே புரட்சி என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். வாய்ப்பு என்னவோ பழைய முகத்துக்குத்தான். (முகத்துக்குப் பூசியவர்கள் கையை மறந்துவிடுவதும் உண்டு.) தொடர்களில் மீனவப் பெண் என்றால் கூடையோடு சண்டைக்கு வருபவள், அவ்வளவுதான்!

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்கால ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே பெண்கள் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மனக்கணக்கிலேயே விலை கேட்பார்கள். வியாபாரிகள் அசந்து நிற்பார்கள். அந்தச் சாமர்த்தியத்தை எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை. புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பயின்றவர்களையும், இக்கரையோரத்துப் பெண்களையும் அழைத்து, தொலைக்காட்சி நிறுவனங்கள் இங்கேயே நடிகர் தேர்வு நடத்தலாம்.

- ஒரு வாசகர், கடலூர்